ஒற்றைக் கைக் கதிரை

இன்று காலை நூலகத்தின் இரவல் மேசைக்குப் புதிய போமிக்காத் தாள் ஒட்டினார்கள். பசை டின்னைத் திறந்ததும், பெற்றோலும் அளவுக்கு மிஞ்சிப் பழுத்த வாழைப்பழமும் கலந்தாற்போன்ற அந்த வாடை வாசிப்பறை முழுவதும் பரவியது. பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். நான் போகவில்லை. அது உன் தலைமயிரின் வாடை. உன் சைக்கிளின் பின்னால் ஏறி வந்த நாள்களில் என் சட்டையிலும் ஒட்டிக்கொள்ளும். "பிள்ளை நூலகத்தில வேலை செய்யுதோ, தச்சுப் பட்டறையிலயோ?" என்று அம்மா கேட்பா.

நீ போய்ப் பதினான்கு மாதங்கள். இத்தனை நாளும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. மனதுக்குள் கதைத்துக்கொண்டே இருந்ததால் இருக்கலாம். இப்போது எழுத ஒரு காரணம் வந்திருக்கிறது. கொழும்பு அக்கா, உன் கதிரையைக் கொண்டுபோன அந்தக் கட்டடக் கலைஞர், தான் சேர்த்த கதிரைகளைப் படமெடுத்துப் புத்தகமாகப் போடுகிறா. முப்பது கதிரைகள். அதில் உன்னுடையதும் ஒன்று. 'செய்தவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். அவரது வாழ்க்கை, பட்ட துயரங்கள், இழப்புகள் எல்லாம் வரட்டும்' என்று செய்தி அனுப்பியிருந்தா. ஒன்பது நாளாக நான் பதில் போடவில்லை. ஏனென்று உனக்குத் தெரியும். அப்படி ஒரு பக்கத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதி, உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

எல்லாம் நன்கொடைப் பெட்டியில் தொடங்கியது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊரவர்கள் நூலகத்துக்கு அனுப்பிய பதினொரு பெட்டிகளைப் பிரிக்க ஆளில்லாமல், ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் உன்னைக் கூப்பிட்டேன். பாதிக்கு மேல் காலாவதியான கணினிப் பாடநூல்கள். கடைசிப் பெட்டியின் அடியில் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் இருந்தது. நமக்குத் தெரியாத மொழி. இத்தாலிய மொழி என்று பிறகுதான் கண்டுபிடித்தேன். பக்கத்துக்கு ஒரு கதிரை. மஞ்சளும் இளஞ்சிவப்பும் நீலமுமாக, மிட்டாய்க் கடைபோல. ஒன்றின் முதுகு முக்கோணம். இன்னொன்றின் ஒரு கால் தடித்த உருளை, மறுகால் மெல்லிய கம்பி. நான் அதைக் கழிக்கும் குவியலில் போடப் போனேன்.

"பொறடி," என்று பறித்தாய். தரையிலேயே சம்மணம் கட்டி இருந்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினாய். "ஒரு படத்திலயும் ஆக்கள் இல்லை, பாத்தியோ? அடையாள அட்டைக்கு எடுக்கிற மாதிரிக் கதிரைய மட்டும் நேர நிப்பாட்டி எடுத்திருக்கிறாங்கள். என்ன மரியாதை!"

பிறகு கால்களைப் பார்த்துவிட்டு நீ சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "இவங்கட வீட்டு நிலமும் எங்கட மாதிரித்தான் கிடக்கு. மேடும் பள்ளமும். அதுதான் காலுக்குக் கால் வேற வேறயாய் வைச்சிருக்கிறாங்கள்."

"இதெல்லாம் கண்ணாடி மாதிரி நிலம் போட்ட பணக்கார வீட்டுச் சாமானடி. அழகுக்கு அப்படிச் செய்தது."

"போடி விசரி. ஆராவது வேணுமெண்டு கோணலாய்ச் செய்வாங்களே?"

நான் தேடிப் படித்தேன். உண்மையில் வேண்டுமென்றுதான் செய்திருந்தார்கள். நேரானது, வெள்ளையானது, தேவைக்கு மேல் ஒன்றும் இல்லாதது மட்டுமே நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களைச் சீண்டுவதற்காக, மலிவான போமிக்காவையும் கத்துகிற நிறங்களையும் எடுத்து விளையாடியிருந்தார்கள். பின்நவீனத்துவக் கதிரைகள் என்று அவற்றுக்குப் பெயர். அந்தச் சொல்லை நான் சிற்றிதழ்களில் மட்டும்தான் கண்டிருக்கிறேன். அதற்காக ஆளுக்காள் சண்டை பிடித்ததையும் படித்திருக்கிறேன். அதைக் கொண்டு கதிரையும் செய்யலாம் என்று தெரியாது. இப்போது அவற்றை உலகம் முழுவதும் ஆட்கள் தேடிச் சேர்க்கிறார்கள் என்றும், ஒருவரும் இருக்காமல் கண்ணாடி அறைகளுக்குள் வைத்திருக்கிறார்கள் என்றும் உன் பட்டறைக்கு வந்து சொன்னேன். நீ போமிக்காத் தாளில் பசை பூசிக்கொண்டிருந்தாய்.

"பின்நவீனத்துவம் எண்டா என்ன?"

நான் ஐரோப்பாவிலிருந்து தொடங்கினேன்.

"சுருக்கிச் சொல்லு. பசை காயுது."

"விதியை விளங்கிக்கொண்டு, வேணுமெண்டே அதை மீறுறது."

"அதைத்தான் எங்கட முதலாளி ஒவ்வொரு வீட்டுக் குசினியிலயும் செய்யிறார்," என்றாய் தலை நிமிராமல்.

முதலாளிக்கும் கேட்டது. "ஓமடி பிள்ளை, நான்தான் முதல்ல தொடங்கினனான். எழுதி வைச்சுக்கொள்," என்றார் உள்ளேயிருந்து.

கிளிநொச்சியில் புதிதாக எழும் வீடுகளின் சமையலறைகளுக்குக் குசினி அலுமாரி அடிக்கும் அந்தப் பட்டறையில் நீ ஒருத்திதான் பெண். அலுமாரிக்கு வெட்டி மிஞ்சிய துண்டுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. யாரோ ஒருவரின் குசினிக்கு வாங்கிய மஞ்சள், வேறொருவரின் கறுப்புப் புள்ளி போட்ட சாம்பல். அவற்றை எடுத்துக்கொள்ள முதலாளியிடம் கேட்டாய். அவர் குப்பை கழிந்தால் போதும் என்றார்.

நீ போமிக்கா ஒட்டும் விதத்தை நான் எத்தனை தரம் பார்த்திருப்பேன். பலகையிலும் தாளிலும் பசை பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை விடவேண்டும். அதன்பின் இரண்டும் ஒருதரம் தொட்டால் தொட்டதுதான். மயிரிழைகூட நகர்த்த ஏலாது. அதனால் நீ விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவிப் பலகையின்மேல் அடுக்கி, அவற்றின்மேல் தாளை வைத்து, விளிம்பு சரியாக வரும்வரை குனிந்து குனிந்து பார்ப்பாய். பிறகு ஒரு பக்கத்திலிருந்து ஈர்க்குகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு அழுத்துவாய். மற்றவர்கள் கண்மதிப்பில் ஒட்டிவிட்டு மிஞ்சியதை அராவித் தள்ளுவார்கள். உன் விளிம்பில் அரத்துக்கு வேலையே இருக்காது.

கதிரைக்கு ஐந்து மாதம் பிடித்தது. முதுகு, மஞ்சள் அரைவட்டம். இருக்கை, புள்ளிச் சாம்பல். முன்கால் ஒன்று, சீமெந்து நிரப்பி இளஞ்சிவப்புப் பூசிய தண்ணீர்க் குழாய். மற்றது சதுர இரும்பு. பின்கால்கள் இரண்டும் பட்டறையில் எவரோ படிக்கட்டுக் கைப்பிடிக்குக் கடைந்து அளவு பிழைத்துப்போன மரங்கள். மூன்று பந்தை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியதுபோல. கை ஒரு பக்கம் மட்டும்.

"மற்றக் கை எங்க?"

"அந்தப் பக்கம் ஆரும் பக்கத்தில இருந்து கதைப்பினம். கை இருந்தா இடையில சுவர் மாதிரி. ஒரு பக்கம் சாய, ஒரு பக்கம் கதைக்க."

இத்தாலியப் புத்தகம் முழுவதும் தேடினேன். ஒற்றைக் கைக் கதிரைகள் இருந்தன. ஆனால் கதைப்பதற்காக ஒரு கையை விட்ட கதிரை என்று என் கண்ணில் அங்கே ஒன்றும் படவில்லை. அன்று எனக்கு வந்த பெருமையை உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேலி செய்திருப்பாய்.

ஐம்பது கிலோச் சீமெந்து மூட்டைகள் இரண்டை அதன்மேல் ஏற்றி ஒரு நாள் முழுக்க விட்டாய். அசையவில்லை. பிறகு நூலகத்து வாசலில் கொண்டுவந்து வைத்தாய். "சனம் இருந்து பாக்கட்டும். உடைஞ்சா உடையட்டும்." முதல் வாரம் ஒருவரும் கிட்ட வரவில்லை. "இதென்ன, கலியாண வீட்டுச் சோடனையோ?" என்று கேட்டார் பத்திரிகை படிக்க வரும் ஓய்வுபெற்ற தபால்காரர். இரண்டாம் வாரம் அவர் அதில் இருந்தார். மூன்றாம் வாரம் வேறு யாராவது இருந்தால் முறைக்கத் தொடங்கினார்.

கொழும்பு அக்கா வந்தது அந்த மாதம்தான். பக்கத்தில் ஒரு கட்டட வேலையைப் பார்க்க வந்தவ, தண்ணீர் குடிக்க நூலகத்துக்குள் வந்தா. கதிரையைக் கண்டதும் தபால்காரரை எழும்பச் சொல்லிவிட்டு, கசங்காத வெள்ளைச் சட்டையோடு நிலத்தில் மல்லாந்து படுத்து, அடிப்பக்கத்தைப் பார்த்தா. நீ செய்தி கேட்டுப் பட்டறையிலிருந்து ஓடிவந்து, வாசலிலேயே நின்றுவிட்டாய்.

"அடியில பாக்கிறா," என்று என் காதுக்குள் சொன்னாய். "வேலை தெரிஞ்ச மனிசி."

அவ எழும்பிச் சட்டையைத் தட்டிக்கொண்டு, "யாரு செஞ்சது?" என்று கேட்டா. பிறகு, கொழும்பில் தானும் நண்பர்களும் வைக்கப்போகும் கதிரைக் கண்காட்சிக்கு அதைத் தரமுடியுமா, அது முடிந்ததும் தன் சேர்க்கைக்கே வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டா. நீ ஒரு நாள் தவணை வாங்கி, அடுத்த நாள் ஓம் சொன்னாய். கதிரைக்குப் பக்கத்தில் வைக்க ஓர் அட்டை வேண்டும் என்றா. எழுதும் வேலையை நீ என்னிடம் தந்தாய்.

அந்த அட்டையை நான் எப்படி எழுதினேன் என்பதை உனக்கு அப்போது விளங்கப்படுத்தவில்லை. இப்போது சொல்கிறேன். யுத்தம் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்த காலத்தில், கையெழுத்து நன்றாக இருந்ததால் எங்கள் பகுதிப் படிவங்களையெல்லாம் என்னைக் கொண்டுதான் நிரப்புவித்தார்கள். எத்தனை தரம் இடம்பெயர்ந்தீர்கள், யாரை இழந்தீர்கள், வீட்டுக்கு என்ன சேதம். பதின்மூன்று வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது, எந்த வரியில் வெளியிலிருந்து வந்தவரின் பேனா நிற்கும் என்று. கூரைத் தகரமும் கிணறும் அப்படி எழுதித்தான் வந்தன. என் கைக்கு அது பழகிவிட்டது. யாராவது வெளியூரவர் 'எழுதித் தாருங்கள்' என்றால், அது தன்பாட்டில் காயத்திலிருந்து தொடங்கும்.

உன் அட்டையிலும் அப்படித்தான் தொடங்கினேன். மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த குடும்பம். ஆறு இடப்பெயர்வு. முள்ளிவாய்க்காலில் அண்ணன். கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த வரி: 'தான் வேலை செய்த வீடுகளில் ஒருபோதும் கதிரை கொடுக்கப்படாத ஒருவரின் மகள் செய்த கதிரை இது.' எழுதி முடித்து நானே இரண்டு தரம் கண் துடைத்தேன்.

நீ பட்டறை வாசலில் நின்று வாசித்தாய். மெதுவாக, இரண்டு முறை.

"நல்லா எழுதியிருக்கிறாய்," என்றாய். "அப்பாவை நிக்க வைச்ச ஆக்களின்ர பேரை மட்டும் காணேல்லை."

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த எங்கள் வயலில் உன் அப்பா எத்தனை போகம் வேலை செய்தார். கூலி கதைக்கவும் நாள் குறிக்கவும் முற்றத்துக்கு வருவார். என் அப்பா விறாந்தையில் கதிரையில் இருந்து கதைப்பார். உன் அப்பா வேப்பமரத்தடியில் நிற்பார். அரைமணி, முக்கால்மணி. விறாந்தையில் வேறு நான்கு கதிரைகள் சும்மா கிடக்கும். எங்கள் வீட்டில் ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவரும் 'இருங்கோ' என்று சொல்லவும் இல்லை. நீயும் நானும் ஒரே வகுப்பில் ஒரே வாங்குப் பலகையில் இருந்த காலம் அது.

"மன்னிச்சுக்கொள்," என்றேன்.

"மன்னிப்பைத் தூக்கி அங்கால வை. அந்த மனிசி கதிரையைப் பற்றித்தானே கேட்டவ? நீ கதிரையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறியே? போமிக்கா எண்டு இருக்கே? ஈர்க்கு எண்டு இருக்கே? நான் அஞ்சு மாசம் முறிஞ்சது உதுக்குள்ள எங்க கிடக்கு?" குரலை உயர்த்தவே இல்லை நீ. "இப்ப இதை வாசிக்கிற ஆக்கள் அப்பாவைத்தான் பாப்பினம். திரும்பவும் அந்தாளை நிக்க வைச்சிட்டாய். இந்த முறை கொழும்புச் சனத்துக்கு முன்னால."

அட்டையை நீ கிழிக்கவில்லை. நான்காக மடித்து என் கையில் தந்தாய். ஒரு பலகைத் துண்டில் பென்சிலால் நீயே எழுதினாய். நான் அப்படியே பிரதி செய்தேன். 'கதிரை. போமிக்கா, பலகை, இரும்பு, சீமெந்து நிரப்பிய குழாய். ஒரு கை. நூறு கிலோத் தாங்கும். கிளிநொச்சி.' கீழே உன் பெயர்.

கொழும்புக் கண்காட்சிக்கு உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு பேருந்தில் போனோம். பழைய சோதனைச் சாவடி இருந்த ஓமந்தை தாண்டும்வரை மூவரும் பேசவில்லை. அதன்பின் உன் அப்பா கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்தார். மண்டபத்தில் வெளிநாட்டில் வாங்கிய கதிரைகள், அந்த இத்தாலியப் புத்தகத்தில் கண்ட வகையைச் சேர்ந்தவையும் இரண்டு. நடுவில் உன்னுடையது. வெள்ளை மேடை, சுற்றிக் கயிறு, 'தொடாதீர்கள்' என்று மூன்று மொழியில்.

நீ கயிற்றைத் தூக்கினாய். "அப்பா, வந்து இருங்க." வீட்டில் பேசும் உங்கள் மலையகத் தமிழுக்கு மாறியிருந்தாய்.

காவலாளி ஓடிவந்தான். "மிஸ், இருக்கேலாது."

"நான்தான் செய்தனான். இது இருக்கிறதுக்குச் செய்தது."

உன் அப்பா இரண்டு கையையும் ஆட்டினார். "வேணாம்மா. நா இப்பிடியே நின்னுக்கிறேன். எம்புட்டு ஆளு பாக்குது."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. எனக்கு முகம் வியர்த்தது. கொழும்பு அக்கா தூரத்திலிருந்து வந்து, காவலாளியிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு, கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டா. நீ அப்பாவைத் தள்ளவில்லை, இழுக்கவுமில்லை. காத்திருந்தாய். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினார். முதலில் நுனியில் இருந்தார். முதுகைப் பின்னால் விட்டுப் பார்த்தார். பிறகு முழுக்கச் சாய்ந்து, ஒற்றைக் கையில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"ஆடலியே," என்றார் உன்னைப் பார்த்து.

"ஏன் ஆடப் போகுது? நூறு கிலோ தாங்கும். நீங்க அம்பத்திரண்டு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஒரு வயதான கனவான் அட்டையைக் குனிந்து வாசித்துவிட்டு, கதிரைக்கு ஏன் ஒரு கை என்று உன்னிடம் கேட்டார். நீ விளக்கினாய். அவர் மேடை ஓரத்தில், கை இல்லாத பக்கத்தில் இருந்துகொண்டு, உன் அப்பாவோடு கதைக்கத் தொடங்கினார். மழையைப் பற்றி, நெல்லைப் பற்றி. உன் அப்பா அரைமணி நேரம் எழும்பவில்லை. அவர் யார், எங்கிருந்து வந்தவர், என்ன இழந்தவர் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அவர் அந்தக் கதிரையைச் செய்தவளின் தகப்பன். அது போதுமாயிருந்தது.

அதன்பின் நீ இன்னும் இரண்டு கதிரை செய்தாய். அடுத்ததற்குக் கால் கடைந்து வைத்திருந்தபோது காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் நீ இல்லை. அதைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஒன்பது நாளாக என்னை அலைக்கழித்தது என்ன என்று இன்று, பசை வாடைக்குள் இருந்தபோது விளங்கியது. நீ இல்லாத இடத்தில் அழகான ஒரு பக்கம் எழுதுவது மிகவும் சுலபம். இப்போது சாவும் சேர்ந்திருக்கிறது. என் பழைய கைக்கு இதைவிட என்ன வேண்டும்? வாசிப்பவர்கள் அழுவார்கள். கதிரை கண்ணுக்குத் தெரியாது. தடுக்க நீயும் இல்லை.

மத்தியானமே எழுதி அனுப்பிவிட்டேன். ஒரு முழுப் பக்கம். ஈர்க்கு வைத்து ஒட்டும் விதம், பசையின் பதம், சீமெந்துக் குழாய்க் காலை ஏன் முன்னுக்கு வைத்தாய், பிழைத்த படிக்கட்டு மரங்களின் உயரத்தை எப்படிச் சரிக்கட்டினாய், கை ஏன் ஒன்று. நூறு கிலோவையும் விடவில்லை. உன் பெயர், கிளிநொச்சி. அவ்வளவுதான்.

பின்னேரம் கொழும்பு அக்கா தொலைபேசியில் வந்தா.

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா அவங்களப் பத்தி ஒரு வரியும் இல்லையே. தவறிட்டாங்கன்னுகூட இல்ல. யுத்தத்துல இருந்து வந்த பொண்ணு, அதெல்லாம் வாசிக்கிறவங்களுக்குத் தெரிய வேணாமா?"

"வேண்டாம் அக்கா."

"அப்ப அவங்க யாருன்னு எப்படி விளங்கும்?"

"வந்து இருந்து பாக்கச் சொல்லுங்கோ."

நான் கோபப்படுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். புத்தகத்திலிருந்து உன் கதிரையை எடுத்துவிடுவாவோ என்றும் பயந்தேன். ஆனாலும் சொன்னதைத் திருத்தவில்லை. அந்தப் பக்கத்தில் இன்னொரு வரியைச் சேர்ப்பதைவிட, அது வராமலே போகட்டும் என்று இருந்தேன்.

"சரி," என்றா கடைசியில். "மத்த இருபத்தொன்பதுலயும் நான் யாரையும் இருக்க விடுறதில்ல. இதுக்கு மட்டும் அடியில ஒரு வரி போடுறன், விருப்பமானவங்க என்கிட்ட கேட்டுட்டு வந்து இருக்கலாம்னு. அது சரியா?"

"ஓம்," என்றேன். "அது சரி."

தொலைபேசியை வைத்துவிட்டு உனக்கு இதை எழுதத் தொடங்கினேன். பதின்மூன்று வயதிலிருந்து எவ்வளவோ பேருக்காக எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வெளியாளிடம் 'வேண்டாம்' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. குரல் நடுங்கவில்லை என்பதை உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். யாராவது ஒருத்தர் ஒரு நாள் அக்காவின் வீட்டுக்குப் போய், உன் வேலையில் முழுப் பாரத்தையும் விட்டுச் சாய்ந்து பார்ப்பார். உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாமலே, 'கெட்டிக்காரி' என்பார்.